மூன்றாவது கேமரா

கடைக்காரர் கண்ணாடி மேசை மேல் மூன்று கேமராக்களை வரிசையாக வைத்தார். மூன்றும் சாப்பாட்டு டப்பா அளவு, மூன்றும் மரப்பட்டை நிறம். மரத்தில் கட்டிவிட்டு நாம் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முன்னால் எந்த விலங்கு நடமாடினாலும் அதுவே உணர்ந்து அதுவே படம் எடுத்துக்கொள்ளும்.

"நீங்களே பாத்து எடுங்க சார்," என்றார் டீச்சர். "அந்த ஓடைக்கரைய உங்களவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

நீர்நாய்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு வாயெல்லாம் பல். தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தவள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

அவர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். தினமும் காலையில் ஓடைக்கரையில் இறங்கி நான்கு பாட்டில்களில் தண்ணீர் பிடித்துவந்து ஆய்வறையில் சோதிப்பதுதான் வேலை. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. தெருவில் கேட்டால் சின்னக் குழந்தைகூட 'நீர்நாய்க்காரர் வீடா?' என்று கைநீட்டிக் காட்டும்.

"மொதல் கேமரா ரொம்பச் சுட்டி," என்று கடைக்காரர் ஆரம்பித்தார். "முன்னாடி ஏதாவது அசைஞ்சா கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள படம் விழுந்துரும். இருட்டுல எடுத்தாக்கூட வெளிச்சம் தெரியாது, மிருகம் மிரளாது. ரெண்டாவது சுமார். மூணாவது..." என்று இழுத்தார். பொருளை விற்பதைவிடப் பொருளைப் பற்றிப் பேசுவதில் ஆசை உள்ள மனிதர். "மூணாவது மந்தம். உணர்ந்து, முழிச்சு, படம் எடுக்க ஒன்றரை செகண்டு ஆகும். மாடு மாதிரி நின்னு மேயுற ஜீவன்னா சரி. வேகமாப் போறதுன்னா வால்தான் மிஞ்சும். அதுவுமில்லாம இது உணர்றது ரொம்பக் குறுகல். நேர் முன்னாடி வந்தாத்தான் தெரிஞ்சுக்கும். ஆனா படம் என்னன்னா..."

"இதையே போடுங்க," என்றார் நீர்நாய்க்காரர்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சரும் பார்த்தார்.

"மொத ரெண்டும் பூஞ்சையா இருக்கு டீச்சர். கரையில எந்நேரமும் ஈரம். இதப் பாருங்க, செங்கல் மாதிரி இருக்கு. அப்புறம் நீர்நாய் ஒண்ணும் தலைதெறிக்க ஓடுற ஜீவன் இல்ல. வரும், உக்காரும், மொகத்தத் தொடச்சுக்கும், சாவகாசமாப் போகும்."

"ஆமா டீச்சர்," என்று மனைவி குறுக்கே புகுந்தாள். "எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு! இடது காதுல ஒரு வெட்டு இருக்கும், அதான் அடையாளம்."

 மூன்றாவது கேமராவைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

விஷயத்தை இங்கேயே உடைத்துவிடுவது நல்லது. இந்த மனிதர் ஆயுளில் நீர்நாயைக் கண்டதே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், பாட்டில்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு மரத்தடியில் கொஞ்சம் சாய்ந்தார். கண் அசந்துவிட்டது. ஒரு மணி நேரம் தாமதமாக நிலையத்துக்குப் போனபோது இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார். ஏன் தாமதம் என்று கேட்ட இன்ஜினியர் தலையைக்கூடத் தூக்கவில்லை. பதினாறு வருடமாக அவர் அப்படித்தான், குனிந்தபடியே பேசுவார். அவர் தலைக்குப் பின்னால் விலங்குப் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. அந்த மாதத்துக்கு நீர்நாய் வந்திருந்தது.

"நீர்நாய் சார்," என்று வாய் சொல்லிவிட்டது. "கரையில உக்காந்திருந்துச்சு. கலைக்க வேணாம்னு அசையாம நின்னுட்டேன்."

இன்ஜினியர் தலையைத் தூக்கினார். எழுந்தே விட்டார். தன் கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, உக்காருங்க, எப்படி இருந்துச்சு?" என்றார். அந்த நாற்காலிதான் இவரைக் கெடுத்தது. தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். உட்கார்ந்த பிறகு எப்படி எழுந்திருப்பது?

இன்ஜினியர் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் பள்ளியில் விலங்கியல் நடத்துபவர். இயற்கைக் குழு என்று பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஓடையைக் காப்பாற்ற அலைகிறவர். அவர் வந்து கேட்டார், இவர் கதை அளந்தார். பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் படத்துக்காகவே மனைவி ராவோடு ராவாக ஒரு பழுப்புச் சட்டை தைத்துக் கொடுத்து, "நீர்நாய் கலர்" என்று சிரித்தாள். பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே நீர்நாய்தான் என்று எப்படித் தெரியும் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். நல்ல கேள்வி. இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "இடது காதுல ஒரு வெட்டு இருக்கும்மா" என்றார். அன்று இரவு மனைவியிடமும் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அந்தக் காது கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

பொய் அந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நகர அலுவலகம் ஓடையின் இரண்டு பக்கமும் மரங்களை வெட்டிவிட்டு கான்கிரீட் சுவர் எழுப்பத் திட்டம் போட்டது. டீச்சர் நீர்நாயைச் சொல்லி மனுக் கொடுத்தார். நேரில் கண்டவர் என்ற கட்டத்தில் இவர் பெயரை எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, சொன்னால் போதாது, படம் வேண்டும், ஒரு மாதம் அவகாசம் என்று சொல்லிவிட்டார். படம் வந்தால் சுவர் வராது, வராவிட்டால் சுவர் வரும்.

இவர் போட்ட கணக்கு இதுதான். நல்ல கேமரா வைத்து நீர்நாய் விழாவிட்டால், நீர்நாயே இல்லை என்று ஆகிவிடும். மந்தமான கேமரா வைத்து விழாவிட்டால், பழி கேமராவோடு போகும். நீர்நாய்க்காரர் நீர்நாய்க்காரராகவே இருக்கலாம். ஓடை என்னாகும் என்ற யோசனை அந்தக் கணக்கில் வரவே இல்லை. பின்னாளில் நினைக்க நினைக்க அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது இதற்காகத்தான்.

மறுநாள் காலையில் டீச்சரும் அவரும் கரைக்குப் போனார்கள். தண்ணீரை ஒட்டி நின்ற மரத்தில் முழங்கால் உயரத்தில் டீச்சர் கேமராவைப் பட்டையால் கட்டினார். பெட்டியைச் சின்னப் பூட்டுப் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டார். பிறகு சோதனை நடை. முன்னால் ஒருவர் குறுக்கே நடக்க வேண்டும். கேமரா உணர்ந்தால் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். டீச்சர் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியபடி, நீர்நாயைப் போல நகர்ந்து காட்டினார். நேர் முன்னால் வந்தபோது புள்ளி மின்னியது. வலது பக்கம் ஐந்தாறு அடி தள்ளி இருந்த தட்டைப் பாறைக்குப் போனபோது மின்னவில்லை.

"அங்க போனா தெரியல போலிருக்கே," என்றார் டீச்சர் வருத்தத்தோடு.

தெரியவில்லை என்பதை இவர் மனதில் நன்றாக முடிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்துப் பார்த்தார்கள். ஆடுகிற புல் நூற்றுப்பத்துப் படம். தெருநாய் ஒன்றின் பின்பாதி. ஏதோ ஒரு பறவையின் கால். டீச்சர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். நூற்றுப்பத்துப் புல்லையும் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எம்மேலதான் தப்பு சார். கட்டுன எடம் சரியில்ல போல. நீங்க எத்தன நாள் பாத்தது, நான் ஒரு படம் எடுக்க வக்கில்லாம இருக்கேன்," என்றார்.

கேமரா மேல் பழி போகும் என்று பார்த்தால், அது இந்த அம்மாள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. நீர்நாய்க்காரருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை டீச்சர் வீட்டுத் தெரு வரைக்கும் போனார். இரண்டு முறையும் எதிரே வந்தவர்கள் "என்ன நீர்நாய்க்காரரே, படம் விழுந்துச்சா?" என்று விசாரித்தார்கள். அசடு வழியச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வெட்கப்பட்ட மனிதன் யோக்கியனாகிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவர் வெட்கப்பட்டு இன்னொரு பொய்யைத் தயார் பண்ணினார். நீர்நாய் தின்ற இடத்தில் மீன் செதிலும் முள்ளும் கிடக்கும். பாறை மேல் அதன் எச்சத்திலும் அதுதான் இருக்கும். இது டீச்சரே சொல்லிக்கொடுத்த பாடம். அந்தத் தடயத்தையாவது அந்த அம்மாள் கண்ணில் காட்டுவோம், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி மீன் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றார்.

"செதில கொட்டிராத. எனக்கு வேணும்."

"எதுக்குங்க?"

"செடிக்கு."

"நம்ம வீட்டுல ஏது செடி?" என்றாள். கேட்டாளே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தையல் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சள் பையில் செதிலையும் முள்ளையும் போட்டு, வாயை முடிந்து கொடுத்தாள். இவர் எது கேட்டாலும் அவள் கொடுத்துவிடுவாள். இரண்டு வருடமாக அவளுக்கு இவர் மேல் அவ்வளவு பெருமை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. பாட்டில் கூடையோடு மஞ்சள் பையும் கரைக்குப் போனது. மரத்துக்குப் பின்னால் சுற்றி வந்து, கேமராவின் நேர் முன்னால் போகாமல், வலது ஓரமாகத் தட்டைப் பாறைக்கு இறங்கினார். டீச்சர் அங்கே போனபோது புள்ளி மின்னாததுதான் தைரியம். கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். செதிலை ஒரே குவியலாகக் கொட்டினால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தார். முள்ளை ஒடித்து ஒடித்துப் போட்டார். பல் பட்ட மாதிரி இருக்கட்டும் என்று ஒரு துண்டைத் தானே கடித்துத் துப்பினார். பின்னால் தண்ணீர் ஒரு முறை சளக்கென்றது. ஏதோ காய் விழுந்திருக்கும் என்று நினைத்தார். அவர் கவனமெல்லாம் செதிலில் இருந்தது.

புதன்கிழமை டீச்சர் கார்டை எடுக்கப் போனார். பாறையைப் பார்த்தார். அங்கேயே நின்று போன் அடித்தார்.  "சார், செதில் சார்! முள்ளு சார்! கடிச்ச அடையாளத்தோட கெடக்கு! தையல் அக்காவையும் கூட்டிட்டு ஸ்கூலுக்கு வாங்க, கார்டை சேந்து பாப்போம்!"

நீர்நாய்க்காரர் போன மாதிரி தூக்குமேடைக்குப் போகிறவன்கூடப் போகமாட்டான். ஆனாலும் போனார். படத்தில் ஒன்றும் இருக்காது, செதிலோடு முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். மனைவி கடையைப் பூட்டிவிட்டு வேகவேகமாக முன்னால் நடந்தாள்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மருந்து வாடை. அலமாரி முழுக்கப் புட்டிகள். டீச்சர் கார்டைக் கணினியில் செருகினார். புல், புல், புல், தெருநாய், புல். திங்கட்கிழமைக்கு வந்தது. ஏழு மணி பதினாறு நிமிடம்.

டீச்சர் வீலென்று கத்தியேவிட்டார்.

படத்தின் இடது ஓரத்தில், மிக அருகில், ஒரு வால். தடித்து, தட்டையாகி, நுனி போகப் போகக் கூராகி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வால். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய உடம்பு படத்தை விட்டுப் போயிருந்தது.

"நீர்நாய்! நீர்நாய் வாலு! வேற எதுக்கும் இப்படி இருக்காது சார்! மீன் வாடைக்கு வந்திருக்கு பாருங்க!" என்று டீச்சர் எழுந்து, மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "சார் சொன்னது சத்தியம்! இந்தக் கேமரா மட்டும் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா..."

நீர்நாய்க்காரர் அந்த வாலையே பார்த்தார். இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. அப்படியானால் தான் சொன்னது பொய்யே இல்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணம்தான் அவருக்குக் கிடைத்தது.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாலைப் பார்க்கவில்லை. வலது பக்கத்தில் பின்னால், பாறை மேல், ஒரு பழுப்பு முதுகு குந்தியிருந்தது. காலர் ஓரத்தில் இரட்டைத் தையல். அவளே போட்ட தையல். பக்கத்தில் மஞ்சள் பை. அதில் அவள் கடைப் பெயர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெரிந்தது.

"இது நம்ம பை," என்றாள்.

டீச்சர் மறுபடி உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். முதுகு, பை, நீட்டிய கை, கையிலிருந்து பாதி விழுந்துகொண்டிருந்த செதில்.  வெளியே ஏதோ வகுப்பில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பாறையில லைட்டு எரியலையே டீச்சர்," என்றார் நீர்நாய்க்காரர். முதலில் வாயில் வந்தது அதுதான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே உடம்பு கூசியது.

"உணர்றதுதான் சார் குறுகல். லென்ஸ் அகலம். கடைக்காரர் அதச் சொல்ல வந்தாரு, நீங்கதான் விடல." டீச்சர் குரலில் கோபம் இல்லை, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற குரல். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "நீங்க பாறையில இருந்தவரைக்கும் கேமராவுக்கு ஒண்ணும் தெரியல. நீர்நாய் முன்னாடி போச்சு, அதுதான் தட்டி விட்டுச்சு. நீங்களும் சேந்து விழுந்துட்டீங்க."

"வலது பக்கத்த வெட்டிட்டு அனுப்பினா..."

"வெட்டாத படத்தக் கார்டோட கேப்பாங்க." டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார் இந்தக் கேமராவ எடுத்தீங்க? மொதல் கேமராவா இருந்தா முழுசா விழுந்திருக்கும். இவ்வளவு கிட்டத்துல போயிருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை.

"எதுவும் விழக்கூடாதுன்னுதான் எடுத்தேன்," என்றார். "நான் பாத்ததே இல்ல டீச்சர். ஒரு நாளும் பாத்ததில்ல. அன்னிக்குத் தூங்கிட்டேன். லேட்டானதுக்குச் சொன்ன பொய் அது."

டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. கார்டை உருவி உறையில் போட்டார். "வெள்ளிக்கிழமையோட அவகாசம் முடியுது. இந்தப் படத்த விட்டா நமக்கு வேற படம் இல்ல. இத நான் குடுக்கணும்னா, பாறையில இருக்கறது யாருன்னு நீங்க வந்து சொல்லணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை போனார்கள். பழுப்புச் சட்டையை அவர் போடவில்லை. நகர அலுவலகத்தில் ஒரே அறையில் ஆறு மேசை. அதிகாரி படத்தைத் திரையில் திறந்ததும் மற்ற ஐந்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, பெரிய நீர்நாயா இருக்கே!" என்றான் ஒருவன் பழுப்பு முதுகைக் காட்டி. அறையே சிரித்தது. அதிகாரிக்கும் உதடு துடித்தது.

"அது நான்," என்றார் நீர்நாய்க்காரர்.

சிரிப்பு நின்றது. அவர் நின்றபடியே சொன்னார். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. தூங்கியது, காலண்டர், கேமரா வாங்கியது, செதில், கடித்துத் துப்பிய முள், எதையும் விடவில்லை. சொல்லும்போது காது மடலெல்லாம் எரிந்தது.  "செதில் பூரா நான் போட்டதுங்க. ஆனா அந்த வால நான் போடல. அது தானா வந்துச்சு. என்னால அத நம்பாமப் போயிராதீங்க."

அதிகாரி பழைய மனுவை எடுத்து விரித்தார். நேரில் கண்டவர் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். "சரி. திங்கக்கிழம நீங்க அங்கதான இருந்தீங்க. நாலு அடிக்குப் பின்னால போயிருக்கு. அன்னிக்காவது பாத்தீங்களா?"

"இல்லீங்க. முதுகக் காட்டிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல."

 அதிகாரி பேனாவை எடுத்து நீட்டினார். நீர்நாய்க்காரர் தன் பெயரைத் தானே அடித்தார். கட்டத்தில் அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது.

படத்தை ஒப்புக்கொள்ள முடியாது என்றார் அதிகாரி. வாலைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை போலிருக்கிறது. டீச்சருக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்தார். அலுவலகத்தின் கேமரா ஒன்றைத் தாங்களே கட்டுவதாகவும், இந்த மனிதர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் எழுதினார். அது நியாயம்தான். இன்ஜினியர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, தண்ணீர் பிடிக்கும் இடத்தை ஓடையின் மேல்பக்கத்து மடைக்கு மாற்றினார். அதைச் சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

ஊர் அவரை இன்னும் நீர்நாய்க்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. முன்பு கூப்பிட்டதற்கும் இப்போது கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் கூப்பிடுகிறவர்களின் கடைவாய்ச் சிரிப்பில் தெரியும். மனைவி அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், சாப்பாடு போட்டாள், தேவைக்குப் பேசினாள். ஒரே ஒரு முறை, துணி தைக்க வந்த பெண் ஒருத்தி வாயைக் கிளறியபோது, "அவரு உள்ளதான் இருக்காரு, அவரையே கேளுங்க," என்றாள். அவர் வெளியே வந்து, "ஆமாம்மா, பொய்தான் சொன்னேன்," என்றார். அந்தப் பெண் அளவுத் துணியைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

இருபத்திரண்டாவது நாள் மத்தியானம் மனைவியின் போன் சிணுங்கியது. டீச்சர் அனுப்பிய படம். அவருக்கு அனுப்பவில்லை, அவளுக்குத்தான் அனுப்பியிருந்தார். கீழே, 'சுவர் வராது அக்கா' என்று ஒரே வரி.

அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், "இங்க வாங்க," என்றாள்.

அவர் போய்ப் பின்னால் நின்றார். இரண்டு நீர்நாய்கள். ஒன்று தண்ணீரில் பாதி, இன்னொன்று கரையில் முழுசாக, முன்னங்காலைத் தூக்கியபடி, கேமராவையே பார்த்துக்கொண்டு. மீசையில் நீர்த்துளி. நீர்நாய்க்காரர் முதன்முதலாக நீர்நாயைப் பார்த்தார். காலண்டரில் இருந்ததைப் போல இல்லை; இது உயிரோடு இருந்தது. இத்தனை அழகான ஒன்றை வைத்தா பொய் சொன்னோம் என்று இருந்தது. சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். உடம்பைத் தாண்டி, மீசையைத் தாண்டி, தலைக்குப் போனாள். இன்னும் பெரிதாக்கினாள். இடது காது திரை முழுக்க வந்தது. சின்னக் காது, உருண்டையாக, முழுசாக இருந்தது. இன்னொரு நீர்நாய்க்குப் போய் அதன் காதையும் பெரிதாக்கினாள். திரும்ப முதலாவதற்கு வந்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாம் வெளுத்துப்போன பிறகும், அவர் சொன்னதில் ஒரு நூல் அளவாவது தேறுமா என்று பார்க்கிறாள்.

"காதுல வெட்டு எங்கங்க?" என்றாள் மெதுவாக.

"வெட்டு இல்லம்மா," என்றார். "அதுவும் நான் சொன்னதுதான்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள்.